மேஸ்திரியின் தொந்திப் பாட்டு

நானே எழுதிய பாட்டுகளை ஒரு கச்சேரியில் பாடுவதற்கு அலுப்போடு போய்க்கொண்டிருந்தேன். ஆத்தூர் தாண்டியதும் மரவள்ளிக்கிழங்கு மாவின் புளித்த வாடை காருக்குள் வந்தது. நாமகிரிப்பேட்டைப் பக்கம் இன்று வீட்டுமனைகளாகிவிட்ட ஜவ்வரிசி ஆலையின் களத்தில், என் சின்ன வயதில், வெயிலில் காயும் மாவைக் காலால் கிளறியபடி பெண்கள் பாடுவார்கள். அங்கே வேலை செய்த அம்மா மேஸ்திரியின் தொந்தியைப் பற்றி வரிகள் கட்டுவாள். அவர் அருகே வந்ததும் அவர் பெயர் இருந்த இடத்தில் பிள்ளையார் பெயர் வந்துவிடும்.

ஏழு வயதில், பெயரை மாற்றத் தெரியாமல், அவர் எதிரிலேயே நான் பாடிவிட்டேன்.

“நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்” என்றார் அம்மாவிடம்.

வீட்டுக்கு நடக்கையில் அம்மா திட்டவில்லை. “ராகத்த மட்டும் தப்பாமப் புடிச்சுட்ட சாமி” என்றாள். அதற்குப் பின் அவள் பாடி நான் கேட்டதில்லை.