நின்றுகொண்டிருந்த படகு

கடையில் ஒரு பம்புசெட் இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மாமல்லபுரத்துப் பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் ஆள் சைக்கிளை நிறுத்திவிட்டு, "மெக்கானிக்கே, ஏழுமலை அண்ணாத்த பூட்டாரு" என்றான். "கடல்லயா?" என்று கேட்டேன். "கடல்லதான். மாரு வலியாம். ஆனா படகு நின்னுகினு இருந்துச்சு." கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் நான் உட்கார்ந்துவிட்டேன். அவரைத் தெரிந்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். எட்டாவதைக்கூட ஒழுங்காக முடிக்காதவன் எழுத்து இது, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1980-களின் தொடக்கத்தில் ஏழுமலை, பின்னால் இன்ஜின் தொங்கும் ஃபைபர் படகு ஒன்றை வாங்கினார். அந்தக் குப்பத்தில் அதுவரை எல்லோருக்கும் கட்டுமரம்தான். முதல் ஓட்டத்துக்கு ஒரு மெக்கானிக் கூட இருக்கட்டும் என்று செங்கல்பட்டிலிருந்து என்னை வரவழைத்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் படாளத்துப் பக்கம் கிணற்றுமேட்டில் ஓடும் இன்ஜின்கள். அவை இடத்தை விட்டு நகராது. இருந்தாலும் என் மூன்று பெண்களிடமும், "அப்பா இன்னிக்குக் கப்பல் ஓட்டப் போறேன்" என்று சொல்லி, மனைவியோடு அவர்களையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். சலவை வேட்டி வேறு. நீச்சல் தெரியாது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கிப் படகைத் தள்ளினார்கள். ஏழுமலையின் மச்சான் கன்னியப்பன், அவர் மனைவி தனத்துக்கு ஒரே தம்பி, கட்டுமரத்தில் முன்னாலேயே அலை தாண்டிப் போய் நின்றிருந்தான். எங்களைப் பார்த்ததும், "இன்னா மச்சான், கல்யாண ஊர்கோலமா? முறுக்குய்யா!" என்று கத்தினான். ஏழுமலை முறுக்கினார். படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது. கரையில் என் பெண்கள் குதிப்பது தெரிந்தது. அவர்கள் பார்க்கட்டுமே என்றுதான் அவர் படகைச் சட்டென்று திருப்பினார். நான் மூட்டை போலத் தண்ணீரில் விழுந்தேன்.

ஏழுமலை யோசிக்கவே இல்லை, குதித்துவிட்டார். கட்டுமரத்தில் ஓர் ஆள் விழுந்தால் இன்னோர் ஆள் குதித்து முடியைப் பிடிப்பான். மரம் பக்கத்திலேயே மிதக்கும், இருவரும் ஏறிக்கொள்வார்கள். பிறந்ததிலிருந்து அவர் உடம்பு படித்த பாடம் அது. அன்றைக்கு அவர் விட்டுவிட்டு வந்தது மரமில்லை. ஆளில்லாத படகு அதே வேகத்தில் வட்டம் போட்டுத் திரும்பி எங்கள் மேலேயே வந்தது. அவர் என் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினார். தலைக்கு மேல் இன்ஜினின் விசிறி சுற்றும் சத்தம் கேட்டுப் போனது. மூச்சு வாங்க மேலே வந்தால் மறுபடியும் வருகிறது, மறுபடியும் அமுக்குகிறார்.

இதைப் பார்த்த கன்னியப்பன் துடுப்புப் போட்டுக்கொண்டு எங்களை நோக்கி வந்தான். "வராத மச்சான்! அப்பால போ!" என்று ஏழுமலை தொண்டை கிழியக் கத்தினார். இன்ஜின் இரைச்சலில் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கட்டுமரத்தின் மேல் எழுந்து நின்று, எனக்கு எட்டும்படி துடுப்பை நீட்டினான். நான் அதைப் பிடித்தும் விட்டேன். படகு அவன் முதுகுப் பக்கமாக வந்தது.

அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். மோதிய படகு திசை மாறிக் கரையேறி, மணலில் சாய்ந்து கிடந்து அலறியது. விசிறி காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒருவரும் கிட்டே போகவில்லை. மற்றக் கட்டுமரக்காரர்கள் எங்களைக் கரை சேர்த்த பிறகு நான் தள்ளாடிப் போய் அதை நிறுத்தினேன். மெக்கானிக் என்று கூப்பிட்டதற்கு அன்று நான் செய்த வேலை அது ஒன்றுதான். என் சின்னப் பெண் ஈர வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அந்தப் படகு ஏன் உங்களையே தேடித் தேடி வந்துச்சு?" என்று கேட்டாள்.

கன்னியப்பனின் காரியம் முடிந்த பிறகு ஏழுமலை என் கடைக்கு வந்தார். படகை விற்கத்தான் யோசனை கேட்பார் என்று நினைத்தேன். "மரம் நிக்கும். இது நிக்காது. ஆளு வுழுந்தா இது நிக்கணும். அதுக்கு வழி பண்ணு" என்றார்.

"வித்துடுங்களேன் அண்ணே."

"வாங்கறவனுக்கு மச்சான் இல்லியா?"

ஒரு கயிற்றின் முனையைப் படகின் குறுக்குச் சட்டத்தில் கட்டி, நடுவில் இன்ஜினின் பிளக் ஒயர்களைக் கோத்து, மறுமுனை அவர் இடுப்புக்கு வருகிற மாதிரி செய்தேன். ஆள் விழுந்தால் ஒயர் பிடுங்கிக்கொள்ளும். இன்ஜின் நிற்கும். ஆளும் படகை விட்டுப் போக மாட்டான். கழிமுகத்தில் அவர் தானே திரும்பத் திரும்ப விழுந்து பார்த்தார். நான் கரையில்தான் நின்றேன். அந்த வீரம் எனக்கு அன்றோடு தீர்ந்துவிட்டது.

குப்பத்தில் கேலிக்குக் குறைவில்லை. "இன்னா அண்ணாத்த, மாடு ஓட்டிக்கினு போறியா?" என்பார்கள். "மாடு நான்தாண்டா. அதான் கட்டிக்கினு போறேன்" என்பார். சிரித்துக்கொண்டு சொல்ல மாட்டார். விடிகாலையில் அந்தக் கயிற்றை அவர் இடுப்பில் கட்டிவிட்டது தனம். தம்பியைக் கொன்ற படகுக்கு அந்த அம்மாள் ஒரு நாளும் பூ வைத்ததில்லை, அதைத் திரும்பிப் பார்த்ததுமில்லை. வருவார், முடிச்சுப் போடுவார், இழுத்துப் பார்ப்பார், போய்விடுவார். அதைப் பார்த்த பிறகு ஒவ்வொருவராக, பின்னால் படகு வாங்கியவர்கள் எல்லோரும் என் கடைக்குக் கயிற்றோடு வந்தார்கள்.

போன வாரம் காலையில், சுற்றிலும் கட்டுமரங்கள் வலை போட்டிருந்த நேரம், ஏழுமலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து தண்ணீரில் விழுந்திருக்கிறார். இன்ஜின் அந்த இடத்திலேயே நின்றது. ஒரு மரத்துக்கும் சேதமில்லை. பதறாமல் துடுப்புப் போட்டுக்கொண்டு போனவர்கள், படகு அசையாமல் நிற்க, அதன் பக்கத்தில் கயிற்றில் அவர் இருந்ததைப் பார்த்திருக்கிறார்கள்.

குளிப்பாட்டும்போது இடுப்பு முடிச்சு அவிழவில்லை. அறுக்கக் கத்தி எடுத்தவனைத் தனம் தடுத்துவிட்டார். "நான் போட்டது. இருக்கட்டும்." அவர் அதோடுதான் போனார்.

இடுப்பில் இருந்தது போக, ஒயர் கோத்திருந்த மீதிக் கயிற்றை என் கையில் கொடுத்தார்கள். இப்போது அது கடையில், என் கண் எதிரே தொங்குகிறது. அதிலிருக்கும் ஒயர் முடிச்சு நான் போட்டது. அதையும் யாரும் அவிழ்க்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.