அனலைதீவில் ஒன்பது விளக்குகள்

நயினாதீவுக்கா, நெடுந்தீவுக்கா என்று எல்லாரும் கேட்டார்கள். அனலைதீவுக்கு என்றதும், அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று அடுத்த கேள்வி வந்தது. நான் பார்க்கப் போகவில்லை, எண்ணப் போனேன். கிராமக் குடும்பங்களைப் பற்றிய ஆய்வுகளுக்குத் தகவல் திரட்டுவது என் தொழில். வீடு வவுனியாவில், பாதி வாழ்க்கை பஸ்ஸில். சென்ற மாசியில் கிடைத்த வேலை, தீவில் எந்தெந்த ஒழுங்கைகளுக்கு, அதாவது குறுகிய தெருக்களுக்கு, குடிநீர்க் குழாய் போடலாம் என்று பார்ப்பது. ஆட்கள் குடியிருக்கும் வீடுகள் குறைந்தது ஐந்து இருந்தால்தான் அந்த ஒழுங்கைக்குக் குழாய் உண்டு. இதுதான் விதி.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினேன். பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல் என்பதால் எந்தப் பக்கம் இருந்தாலும் நட்டமில்லை. அல்லைப்பிட்டி, வேலணை என்று நின்று நின்று ஊர்காவற்றுறைக்குப் போய்ச் சேர ஒன்றேகால் மணித்தியாலம் ஆனது. டிக்கெட் நூற்றைம்பது ரூபாய், அங்கிருந்து படகுக்கு இருநூறு. சீமெந்துப் பைகளுக்கும் ஒரு கூடைக் கோழிகளுக்கும் நடுவில் முக்கால் மணித்தியாலம் இருந்தேன். எனக்குக் கடல் பயம், படகின் விளிம்பை விடவே இல்லை. படகோட்டி அதைக் கண்டுவிட்டு, கோழிகளே பேசாமல் இருக்கின்றன, நீர் ஏன் முழிக்கிறீர் என்று கேட்டார். அந்தச் சிரிப்பில் பாதிக் கடல் கழிந்தது.

தீவில் விடுதி எதுவும் எனக்கு அகப்படவில்லை. தெரிந்தவர் ஒருவர் சொல்லி, தவமலர் அக்கா தன் வீட்டில் தங்க வைக்கச் சம்மதித்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். சைக்கிளின் பின்னால் இரண்டு தண்ணீர்க் கான்களைக் கட்டிக்கொண்டு இறங்குதுறையில் நின்றார். தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி பெரிய றோட்டோடு நின்றுவிடும், ஒழுங்கைக்குள் வராது. அங்கிருந்து வீட்டுக்கு ஒன்றரைக் கிலோமீற்றர். கிணற்றுத் தண்ணீர் உவர், குளிக்க மட்டுந்தான் உதவும். நான் உருட்டுகிறேன் என்று சைக்கிளை வாங்கி, பத்தடி போவதற்குள் திருப்பிக் கொடுத்தேன். அக்காவின் கணவர் முதுகுவலிக்காரர், பாரம் தூக்க ஏலாது. நாள் தவறாமல் இந்த நடை அக்காவுக்குத்தான்.

முதல் நாள் ஊரைச் சுற்றி எந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, மறுநாள் வீடு வீடாகப் போய்ப் பேசுவது எங்கள் வழக்கம். பின்னேரம் வேறு ஒழுங்கைகளை முடித்துக்கொண்டு அக்காவின் ஒழுங்கைக்குத் திரும்பியபோது பொழுது பட்டுவிட்டது. கூட்டிய முற்றங்கள், வாசலுக்கு வாசல் சுட்டி விளக்கு. எண்ணினால் ஒன்பது வீடு. எனக்கு வந்த சந்தோசப் புழுகம் சொல்லி மாளாது. இனி இந்த மனிசி கான் கட்டத் தேவையில்லை.

இரவு குசினியில் புட்டும் நண்டுக் குழம்பும். என் வாய் சும்மா இருக்குமா? ஒழுங்கையில் ஒன்பது வீடு, உங்களுக்குக் குழாய் வந்தது மாதிரித்தான் என்று சொல்லிவிட்டேன். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் குழம்பை இன்னும் ஒரு அகப்பை விட்டார். களைப்பாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் தேத்தண்ணியைத் தந்துவிட்டு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

“பிள்ளை, அந்த விளக்கெல்லாம் நான் கொளுத்தினது. எங்கட வீடும் முன்வீடும்தான் ஆள் இருக்கிற வீடு. மற்ற ஏழும் கனடா, லண்டன் எண்டு போயிட்டினம். பூட்டுகளின்ர திறப்பு என்னட்டை. வெள்ளிக்கிழமையில வாசல் இருட்டாக் கிடக்கக்கூடாது எண்டு கூட்டி, விளக்கு வைக்கிறனான்.”

நேற்றே சொல்லியிருக்கலாமே என்றேன்.

“சொல்ல மனம் வரேல்லை. ரெண்டு கானையும் நினைச்சன். பிறகு நித்திரை வரேல்லை. விளக்கைக் காட்டித் தண்ணி வாங்கினால் நாளைக்கு நான் எப்பிடி அதைக் கொளுத்திறது?”

யாரும் கேட்காமல் தன் குழாயைத் தானே அறுத்துவிட்டார் மனிசி. பிறகுதான், அந்த ஏழு வீட்டுக்கும் ஒருவரும் வருவதே இல்லையா என்று கேட்டேன். ஏன் இல்லை? திருவிழாவுக்குப் பிள்ளைகுட்டிகளோடு வருவினம், ஒரு மாதம் வீடு முட்ட ஆட்கள் என்றார். அப்போது தண்ணீர்? அக்கா சைக்கிளைப் பார்த்துச் சிரித்தார்.

நேற்றிரவு இங்கே யார் படுத்தது என்பது மட்டுந்தான் எங்கள் படிவத்தில் உள்ள கேள்வி. மாசி மாதத்து இரவில் அதைக் கேட்டால் இந்தத் தீவு எப்போதும் ஆளில்லாத ஊராகத்தான் தெரியும். குடியிருக்கும் வீடு இரண்டு என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். அதன் கீழே, பராமரிக்கப்படும் வீடு ஏழு, திருவிழாக் காலத்தில் ஆட்கள் நிறையும், அத்தனை பேருக்கும் ஒரே சைக்கிளில் தண்ணீர் போகிறது என்றும் எழுதினேன். மேலாளர் தொலைபேசியில், கேட்காததையெல்லாம் ஏன் எழுதுகிறீர் என்று முணுமுணுத்தார். வெட்டவில்லை, அதற்கு அவருக்கு நன்றி.

போக நினைப்பவர்களுக்கு: தங்குமிடத்தை முன்கூட்டியே பேசிவிடுங்கள். பின்னேரப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேளுங்கள், காற்றடித்தால் நேரம் மாறும். சில்லறைக் காசு வைத்திருங்கள். பூட்டிய வீட்டை ஆளில்லாத வீடு என்று படம் பிடித்துப் போடாதீர்கள், திறப்பு பக்கத்து வீட்டில் இருக்கும்.

குடிதண்ணீர் கொண்டுபோய் வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் கொடுங்கள் என்றும் இந்தக் குறிப்பில் முதலில் எழுதியிருந்தேன். போன கிழமை அக்காவிடமிருந்து குரல் செய்தி வந்தது. ஒழுங்கை முகப்பில் ஒரு பொதுக்குழாய் போட்டிருக்கிறார்களாம். நான் எழுதியதால்தானா, தெரியாது. பின்னால் வாளி நிறையும் சத்தம் கேட்டது.

“தண்ணி வந்திட்டுது பிள்ளை. முதல் வாளியை ஒன்பது வாசலுக்கும் தெளிச்சனான். ரெண்டாவதிலதான் உங்கட அத்தானும் நானும் தேத்தண்ணி குடிச்சனாங்கள்.”

தண்ணீர் பற்றிய அந்த வரியை எடுத்துவிட்டேன்.