பிடரிக்குப் பின்னால்

மெல்போர்னுக்கு டென்னிஸ் ஆட வருபவர்களை ஹோட்டலிலிருந்து மைதானத்துக்கு வான் வண்டியில் ஏற்றிச் செல்வது அந்தக் கோடையில் என் வேலை. ஒரு காலை, எங்களுக்குப் பொறுப்பாக இருந்த யாழ்ப்பாணத்து அண்ணை என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, இப்ப வாறவ ஜப்பான்காரப் பிள்ளை, டபிள்ஸ் விளையாடுறவ. அவவுக்குப் பின்னால ஒருத்தரையும் இருத்திப் போடாதை. முந்தின மட்ச்சில சோடியாக் கூட ஆடுற பிள்ளை பின்னால நிண்டு அடிச்ச சேர்வ் பந்து இவவின்ர பிடரியிலதான் பட்டது."

வெயிலில் கறுத்த மெலிந்த பெண். கடைசி சீட்டில் போய் ஒடுங்கிக்கொண்டார். இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விரல்களை மூடி மூடித் திறந்தார். அது என்னவென்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"வலையருகே நின்று, பின்னால் சேர்வ் போடும் தோழிக்குக் காட்டும் சைகை. மூடினால் நின்ற இடத்திலேயே நிற்பேன். விரித்தால் குறுக்கே ஓடுவேன்."

"பயமாக இருந்தால் ஒருமுறை திரும்பிப் பார்க்கலாமே?"

"பார்த்தால், நான் அவளை நம்பவில்லை என்று நினைப்பாள். பிறகு அவளும் பயந்து பயந்துதான் அடிப்பாள்."

மைதானத்தில் அவர் இறங்கியதும் வான் கதவைச் சாத்தினேன். அந்தச் சத்தத்துக்கே இரண்டு கைகளாலும் பிடரியைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. வானை நிறுத்திவிட்டு, களத்தின் பின்வேலியோரம் போய் நின்றேன். அவருடைய முதுகுதான் தெரிந்தது. அதன் பின்னால் இடது கை விரல்கள் மூடியிருந்தன. பிறகு மெல்ல விரிந்தன. தோழி பந்தை உயரே எறிந்தாள்.

அவர் திரும்பவில்லை. கண்களை மூடிக்கொண்டது நான்தான்.