கல்லறைத் தோட்டத்தில் நான் மாற்றிச் சொன்ன பெயர்

வருடம் அறுபத்து நாலோ, அறுபத்தைந்தோ. பம்பாயில் ஜூன் மழை பிடித்துக்கொண்ட முதல் வாரம். பெங்களூரில் இறையியல் படிப்பில் ஒரு வருடத்தை முடித்துவிட்டு, தாராவியில் இருந்த எங்கள் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்திருந்தேன். கல்லூரி திறக்க இன்னும் பத்து நாள் இருந்தது.

இறையியல் என் முதல் படிப்பு இல்லை. மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் வேதியியல் படித்து பி.எஸ்ஸி. வாங்கி, செம்பூரில் ஒரு கம்பெனியின் லேபில் இரண்டு வருடம் வேலையும் பார்த்தவன் நான். எங்கள் சந்தில் முதல் பட்டதாரி. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வெள்ளைக் கோட்டு போட்டு வேலை பார்க்கிற மகனைப் பற்றி அவருக்குப் பெருமை தாங்காது.

லேபில் எனக்கு அடுத்த மேஜையில் வேலை பார்த்த நண்பன் டைபாய்டு வந்து பத்தே நாளில் போய்விட்டான். அவன் அம்மாவைப் பார்க்கப் போனவன், என்ன பேசுவதென்று தெரியாமல் வாசலோடு திரும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு வேலையில் மனம் ஒட்டவே இல்லை. ஆறு மாதம் கழித்து, வேலையை விட்டுவிட்டு இறையியல் படிக்கப் போவதாக வீட்டில் சொன்னேன். அப்பா சோற்றில் வைத்த கையை அப்படியே எடுத்துவிட்டார்.

"ஏல, ஐயராகணும்னா பள்ளிக்கூடத்தோட நின்னுட்டுப் போயிருக்கலாமே. எதுக்குல பி.எஸ்ஸி.?" என்றார். திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களான எங்களுக்குப் போதகர் என்றால் ஐயர்தான். அதற்குமேல் அவர் சண்டை போடவில்லை. பேசுவதைக் குறைத்துக்கொண்டார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கல்லூரியில் கிரேக்கம் படித்தேன், திருச்சபை வரலாறு படித்தேன். எல்லாம் ஆங்கிலத்தில். தமிழ் வாசிப்புதான் தகராறு. பம்பாயில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்த எங்களுக்கெல்லாம் தமிழ் பேசத் தெரியும். எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

அன்றைக்கு எங்கள் ஐயர் ஒரு கல்யாணத்தை நடத்திவைக்க உல்லாஸ்நகர் போயிருந்தார். அடித்த மழையில் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி லோக்கல் டிரெயின் எல்லாம் நின்றுவிட்டது. அவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். இங்கே எங்கள் சபையில் ஒருவர் இறந்துபோனார். தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தவர், ஐம்பது வயதுதான் இருக்கும். நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மறுநாளே முடிந்துவிட்டது. உடலை வைத்துக்கொண்டு எத்தனை நேரம் காத்திருப்பது? சபைப் பெரியவர்கள் என்னைத் தேடி வந்தார்கள்.

"நான் இன்னும் படிச்சே முடிக்கல" என்றேன்.

"புக்கப் பாத்து வாசிக்கதுதான? வாங்க தம்பி" என்றார்கள்.

கோயில் மணியடிக்கிற பணியாள் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். மேலே இறந்தவர் பெயர், கீழே மனைவி பெயர், அதற்குக் கீழே பிள்ளைகள். கணவன், மனைவி இரண்டு பேருடைய பெயரும் ஒரே மாதிரிதான் தொடங்கும். அதைச் சரியாகக் கவனிக்காமல் சீட்டைச் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

சயான் பக்கம் இருந்த கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் தொப்பலாக நனைந்திருந்தோம். யாரோ என் தலைக்கு மேல் குடை பிடித்தார்கள். மழைச் சத்தத்துக்கு மேலே கத்தி வாசிக்க வேண்டியிருந்தது. அந்தப் பழைய தமிழ் எழுத்துக்களைக் கூட்டிக் கூட்டி எப்படியோ கடைசிப் பகுதிவரை வந்துவிட்டேன். இறந்தவரின் பெயரைச் சொல்லி, மண்ணைப் போட்டு, கர்த்தரிடம் ஒப்படைக்கிற இடம். ஒரு பிடி ஈர மண்ணை எடுத்தேன். சீட்டைப் பார்த்தேன். உரக்கப் பெயரைச் சொன்னேன்.

உயிரோடு எனக்கு எதிரில் நின்றுகொண்டிருந்த அவர் மனைவியின் பெயரை!

"ஐயையோ, உசுரோட நிக்கவ பேரச் சொல்லிட்டாரே!" என்று இறந்தவரின் தங்கை அலறினார். பெண்களெல்லாம் அந்த மனைவியை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். லேபில் பாட்டிலுக்கு லேபிள் மாற்றி ஒட்டினாலே வேலை போய்விடும். ஒரு மனிதரை மண்ணுக்குள் வைக்கும்போது பெயரை மாற்றிவிட்டேனே! பதற்றத்தில் சீட்டு சேற்றில் விழுந்துவிட்டது. இறந்தவரின் சரியான பெயர் என்ன என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

அந்த அம்மா பெண்களின் கையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். முனிசிபல் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தவர். நாங்கள் அவரைச் சித்தி என்று கூப்பிடுவோம்.

"அது என் பேருல்லா தம்பி. அவுக பேரு..." என்று நிறுத்தினார்.

அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இறந்தவரின் தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தார். சித்தி கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். பிறகு குழியைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, ஞானஸ்நானத்தில் வைத்த முழுப் பெயரையும் சொன்னார். அவருக்குப் பின்னாலேயே நானும் சொன்னேன். மண்ணைப் போட்டேன். சுற்றி நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள்.

சித்தி ஏன் அப்படித் தயங்கினார் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் என் அம்மா சொன்னார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் சித்தி புருஷன் பெயரைச் சொன்னதே கிடையாதாம். ரேஷன் ஆபீஸில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவர்களைத்தான் சொல்லச் சொல்வாராம். முந்தின நாள் ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதும்போதும் அப்படித்தான் நடந்ததாம்.

அன்று ராத்திரியே செம்பூரில் பழைய மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதினேன், வேலை கிடைக்குமா என்று. கல்லூரிக்கு இன்னொன்று, வரமாட்டேன் என்று. அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில் சித்தி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். மழைக்குக் கோணியை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டிருந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன்.

"தம்பி, எனக்குப் பயமாருக்கு. அடுத்தது நீதான்னு ஆளாளுக்குச் சொல்லுதாவ. நாளைக்கு வீட்டுல செபம். நீங்க வந்து எனக்காகச் செபம் பண்ணுங்க."

"ஐயர் வந்திருவாரே சித்தி. நான் வந்தா எல்லாரும்..."

"ஐயரும் வரட்டும். என் பேரச் சொன்னது நீங்கதான? அந்த வாயால நல்லதாச் சொல்லிட்டுப் போங்க."

போனேன். அப்பாவும் கூட வந்தார். ஒற்றை அறை, ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஐயர் வாசித்து முடித்ததும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் புத்தகத்தை எடுக்கவில்லை. முதலில் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, சித்தியின் பெயரைச் சொல்லி, இவருக்கு ஆயுசைக் கொடும் ஆண்டவரே, இவர் பயத்தை எடுத்துப்போடும் என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த தாராவித் தமிழில்தான் கேட்டேன். நடுவில் வார்த்தை கிடைக்காமல் இரண்டு இடத்தில் இந்தியும் வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தேன். சித்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கேன். அவுக பேர நான் இனிமே சொல்லலாமா? பாவம் இல்லையே?"

ஒரு வருடம் படித்ததையெல்லாம் மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். இந்தக் கேள்வி எந்த வகுப்பிலும் வரவில்லை.

"சொல்லுங்க சித்தி. பாவமே இல்ல" என்றேன்.

"அன்னைக்குச் சொன்னன்லா... பொஞ்சாதி கூப்பிடுதாளேன்னு எந்திரிச்சுத் திரும்பிப் பாப்பாகளோன்னு ஒரு நெனப்பு எனக்கு. கூறு கெட்டவ நான்."

அதைச் சொல்லிவிட்டு, அவர் பெயரை ஒரு தடவை சொன்னார். பிறகு இன்னொரு தடவை. கூச்சம் கலையக் கலையக் குரல் கொஞ்சம் உயர்ந்தது. கல்லறையில் அலறிய நாத்தனார் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். அவரும் அண்ணன் பெயரைச் சொல்லி அழுதார். நான் அருகில் உட்கார்ந்திருந்தேன். என்ன பேசுவது என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லைதான். ஆனால் நண்பன் வீட்டு வாசலிலிருந்து திரும்பியதுபோல இந்த முறை எழுந்து ஓடத் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது அப்பா சந்து முனை வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தார். அங்கே நின்று, "என்னைக்குல உனக்கு டிரெயின்?" என்று கேட்டார். அந்த இரண்டு கடிதங்களையும் நான் தபாலில் போடவில்லை.

சித்தி அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் நல்லபடியாக இருந்தார். மகளோடு மான்குர்த்தில் குடியிருந்தபோதும், பண்டிகைக்கு எங்கள் ஆலயத்துக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, புருஷனைப் பற்றிப் பெயர் சொல்லியே பேசுவார்.

நான் படித்து முடித்துப் போதகராகி, வேலையிலிருந்து ஓய்வும் பெற்றுவிட்டேன். எத்தனையோ பேரை அடக்கம் செய்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சீட்டை வாங்குவதற்கு முன்னால், இறந்தவருக்கு மிகவும் வேண்டியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அவங்க பேரை நீங்களே ஒரு தடவை சொல்லுங்க" என்று கேட்பேன். சிலருக்கு உடனே வாய் வராது. அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து காத்திருப்பதுதான் என் வேலையென்று அந்தச் சித்தியிடமிருந்துதான் எனக்குப் புரிந்தது.