பழைய தண்டவாளத்தின் மீது போட்ட பழி

எக்ஸ்ரே என்று சொன்னால்தான் உறவில் அவரைத் தெரியும். ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் முப்பத்தோரு வருஷம். குடும்பப் போட்டோ எடுக்கும்போதும் வாய் தவறி, "மூச்சை இழுத்துப் பிடிங்க, ஆடாதீங்க" என்பார். எலும்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் டாக்டருக்கு முன்னால் அவர் கண்ணில் பட்டுவிடும் என்று பெயர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் வீட்டு மாடியறைக்கு அவர் வந்தது தண்டவாளம் கழற்ற. பொம்மை ரயிலின் தண்டவாளம்தான். ஆனால் அறை முழுக்க, இடுப்பு உயரப் பலகைகளின் மேல், அண்ணனும் தம்பியும் பத்தொன்பது வருஷமாகப் போட்ட பாதை. அண்ணன் இறந்து ஏழு வாரம் ஆகிறது. வெள்ளிக்கிழமை அண்ணி வீட்டைக் காலி செய்கிறார். பாதையைச் சேதமில்லாமல் பெயர்த்து, தன் வீட்டில் மறுபடி போட்டு ஓட்டிவிட வேண்டும் என்று எக்ஸ்ரே வந்திருந்தார்.

அண்ணி கதவைத் திறந்தார், வாயைத் திறக்கவில்லை. ஏழு வாரமாக அப்படித்தான். காரணமும் எக்ஸ்ரேதான். சிலிண்டர் வாங்க அண்ணி கதவைத் திறந்த சமயம் பார்த்து அண்ணன் வெளியே நடந்து, பெரிய சாலையில் லாரியில் அடிபட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை சொந்தக்காரர்களுக்கும் நடுவில் எக்ஸ்ரே கத்தினார்: "நல்லா இருந்த மனுஷனை மறதிக்காரன்னு சொல்லிச் சொல்லி, பூட்டி வெச்சிருக்காங்க. மூச்சு முட்டித்தான் ஓடியிருக்கார்!" பக்கத்தில் நின்றவள் அண்ணன் மகள். காரியம் முடிந்ததும் வேலை பார்க்கும் ஊருக்குத் திரும்பியவள், அதற்குப் பிறகு அம்மாவின் போனை எடுக்கவே இல்லை.

"வெந்நீர் வேணுமா?" அண்ணி அறை வாசலில் கூஜாவோடு நின்றார். ஏழு வாரத்தில் அதுதான் முதல் பேச்சு.

"கொடுங்க அண்ணி."

தண்டவாளத்தைச் சுற்றிப் பொடி ஜல்லியைத் தூவி வெள்ளைப் பசையால் ஒட்டியிருந்தார்கள். வெந்நீர் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டால் பசை இளகும். பிறகு அடியில் மெல்லிய தகட்டைச் செருகி நெம்ப வேண்டும். அவசரப்பட்டால் பித்தளைத் தண்டவாளம் வளைந்துவிடும். அண்ணி ஊற்ற, எக்ஸ்ரே நெம்ப, துண்டு துண்டாக வந்தது.

புதுத் தண்டவாளம் அந்த அறைக்குள் வந்ததே இல்லை. மூடிய கடைகளிலும் அலுத்துப்போனவர்களிடமும் வாங்கி, ஊறவைத்து, ரப்பரால் தேய்த்துப் பளபளப்பாக்கிப் போடுவதுதான் அண்ணனின் வழக்கம். "புதுசு வாங்கறவன் அட்டைப்பெட்டிக்குப் பணம் கொடுக்கறான்டா" என்பார். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டவர். ஒவ்வொரு துண்டின் அடியிலும், போட்ட தேதியைப் பென்சிலால் பொடி எழுத்தில் குறித்திருந்தார்.

பழைய பகுதி வெண்ணெய் போல வந்தது. ஜன்னலை ஒட்டிய நேர்ப்பகுதிக்கு வந்ததும் எக்ஸ்ரேயின் கை தயங்கியது. இரண்டு தண்டவாளத் துண்டுகளைச் சேர்ப்பது நகக்கண் அளவு உறை. இரண்டு நுனியும் அதற்குள் நுழைய வேண்டும். இங்கே ஒரு நுனி உள்ளே இருந்தது. மற்றது உறையின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அடுத்த இணைப்பும் அப்படியே. அதற்கடுத்ததும்.

தேதியைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு முந்தையது. அடுத்த துண்டிலும் அதே தேதி. பதினோரு துண்டுகளில் அதே தேதி. எழுத்து மட்டும் போகப்போகப் பெரிதாகி, கோணலாகி, கடைசித் துண்டில் ஒரே தேதி மூன்று தரம்.

அதற்குப் பிறகு அந்த இடத்தில் ரயில் கவிழாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஒவ்வொரு தடவையும் எக்ஸ்ரே குறட்டால் இணைப்பை அழுத்திவிட்டு, "பழைய சரக்குண்ணா, முரண்டு பிடிக்கத்தான் செய்யும்" என்பார். அண்ணன் சிரிப்பார். ஒருநாள் அண்ணி வந்து சொன்னார்: "தம்பி, மூணு நாளா ஒரே துண்டைப் போடறதும் கழட்டறதுமா இருக்கார். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. உங்க பேச்சைத்தான் கேப்பார்."

"தண்டவாளம் பழசு அண்ணி. அவர் என்ன பண்ணுவார்?"

இப்போது அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாக இரும்பு அடிக்கோலின் மேல் வைத்து, வெளிச்சத்தில் கண்ணோடு பிடித்துப் பார்த்தார். நூல் பிடித்தது போல நேர். வளைவுமில்லை, தேய்வுமில்லை. பழைய தண்டவாளத்தில் ஒரு குற்றமும் இல்லை. உறைகளில் மட்டும் பல் பதிந்த தழும்பு. அவருடைய குறட்டின் பல். துண்டுக்கு இரண்டு கம்பி, இருபத்திரண்டு உறையிலும் இருந்தது.

எக்ஸ்ரே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என்ன, உடைஞ்சிடுச்சா?" என்றார் அண்ணி.

"இல்ல அண்ணி. நீங்க சொன்னதுதான் சரி. அப்பவே ஆரம்பிச்சிருக்கு."

"இதை எனக்கு எதுக்குச் சொல்றீங்க? எனக்குத் தெரியாததா? சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு ஆபீஸ் போகணும்னு நின்னவரை நான்தானே தினம் பார்த்தேன்? உங்களுக்கென்ன, ஞாயித்துக்கிழமை விருந்தாளி."

எக்ஸ்ரே ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அண்ணன் மகளுக்குப் போன் போட்டார். இரண்டாவது தடவையில் எடுத்தாள்.

"சொல்லுங்க சித்தப்பா."

அவர் சொன்னார். உறைகள், தேதிகள், குறட்டின் தழும்பு எல்லாம். அம்மா கதவைப் பூட்டியது அப்பா காணாமல் போகக் கூடாது என்றுதான் என்பதையும் சொன்னார்.

"அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா?"

"கைக்குத் தெரிஞ்சிருக்கும்மா. ஒத்துக்க மனசு வரல."

"அத்தனை பேர் முன்னாடி அம்மாவை அப்படிச் சொன்னீங்களே."

"சொன்னேன். அதே அத்தனை பேருக்கும் இன்னைக்குப் போன் பண்ணி, நான் சொன்னது பொய்னு சொல்லப்போறேன். முதல்ல உனக்கு."

"நானும் அதை நம்பிக்கிட்டு..." அவள் முடிக்கவில்லை. "அம்மாகிட்டக் கொடுங்க."

எக்ஸ்ரே போனை நீட்டினார். அண்ணி அதைப் பார்த்தார். அவர் தோளிலேயே துண்டு கிடந்தது; எடுத்துத் துடைத்துக்கொண்டிருக்கலாம்.

"கை ஈரமா இருக்கு. அப்புறம் பேசறேன்னு சொல்லுங்க" என்றார், போனுக்குக் கேட்கும்படியாகவே. பிறகு கூஜாவைச் சாய்த்தார். "நெம்புங்க தம்பி. ஆறினா மறுபடி இறுகிடும்."