ஹோம்புஷில் கேட்ட பின்லாந்துச் சொல்

தலைவர் அங்கிள், மழைத் தண்ணீர் ரோட்டுக்குக் கீழால் ஓடட்டும் என்று, எங்கள் ஊர்ச் சங்கம் இங்கே காசு சேர்த்து ஊருக்கென்று கட்டிக்கொடுத்த மதகை நீங்கள் ஊரில் உங்கள் சொந்த வீட்டுக்குப் போகிற ஒழுங்கையில்தான் போட்டிருக்கிறீர்கள்.

இதைக் கேட்கத்தான் மெல்பேர்னிலிருந்து சிட்னிக்கு வந்திருக்கிறேன். சங்கக் கூட்டத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. ஹோம்புஷ் ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் மழையில் நனைந்த சப்பாத்துக் கால்களோடு இருக்கிறேன். வெளியே அடிக்கிற மழைக்கு ரோட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. பார்க்கவே வயிறு எரிகிறது. ஊரில், எங்கள் ஒழுங்கையில், மாரிகாலம் முழுக்க என் அக்கா முழங்கால் தண்ணீரில் நடந்துதான் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகிறாள்.

கடைக்கார அன்ரி தோசையை வைத்துவிட்டு என் கதையைக் கேட்கிறார். அவர் முன்பு பின்லாந்தில் இருந்தவர்.

“அங்க இதுக்கு ஒரு சொல்லு இருக்கு தம்பி. சில்தரும்புபொலிதீக்கா. மதகு அரசியல். எம்.பி.மார் நாட்டு அலுவலை விட்டுட்டு, தங்கட ஊர் ரோட்டுக்கு மதகு கேட்டு நிண்டதில வந்தது. இப்ப ஆஸ்பத்திரி, ரயில் எண்டு ஒரு எம்.பி. எதைத் தன்ர பக்கம் இழுத்தாலும் பேப்பர்காரர் அந்தச் சொல்லைத்தான் குத்தலா எழுதுவினம்.”

அந்த நாட்டுக்காரர்மேலும் எனக்குப் பொறாமை வருகிறது. நாங்கள் இதை ஊர்ப்பற்று என்று சொல்லிப் பொன்னாடை போர்த்துகிறோம்.

“சரி, நீர் தலைவரெண்டா எங்க கட்டுவீர்?” அன்ரி சிரிக்கிறார்.

“எங்கட ஒழுங்கையிலதான்.”

உண்மை அதுதான். அதனால்தான் இதை நீங்களோ நானோ தனியாக முடிவெடுக்கக் கூடாது. அங்கிள், இன்றைய கூட்டத்தில் மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்: யாரைக் கேட்டு அந்த இடத்தைத் தீர்மானித்தீர்கள்?