அதே பட்டம்

தபாலில் வந்த பாடக்கட்டைப் பிரிக்காமல், தலைக்கு வைத்துத் தூங்கியே எம்.ஏ. ஆகிவிடலாம் என்று நம்பிய அறிவாளி நான். ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்புக்குப் பாளையங்கோட்டை போனதுகூடப் பக்கத்துக் கடை உளுந்தவடைக்காகத்தான்.

அங்கே வகுப்பு நடந்த பள்ளிக்கூடத்தில், சின்னப் பிள்ளைகளின் முதல் பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். நரைத்த மீசை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. டவுனில் ஜவுளிக்கடை விற்பனையாளர். பாடத்தாளையும் வேட்டியை விரித்துக் காட்டுவதுபோல உள்ளங்கையால் நீவிவிட்டுத்தான் படிப்பார். வகுப்பெடுக்க வந்தவரோ அதே தாளை வாசித்துவிட்டு மணி பார்ப்பார். இவர் எழுந்து சந்தேகம் கேட்டால், “எல்லாம் பாடத்துல இருக்கு, உக்காரும்” என்பார்.

முடிவு வந்தது. அவருக்கு இரண்டாம் வகுப்பு. கடைசி வாரம் கைடு வாங்கி உருப்போட்ட எனக்கும் இரண்டாம் வகுப்பு.

பிறகு ஒருநாள் அவரைக் கடையில் பார்த்தேன். ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வரலாற்று ஆசிரியர் வேலைக்கு நேர்காணல் போய்வந்திருந்தார். அந்த வேலைக்காகத்தான் அவர் படித்ததே.

“தபால்ல படிச்சதான்னு ஹெட்மாஸ்டர் கேட்டாரு. ஃபைல மூடிட்டாரு வே. பாடத்துல ஒரு கேள்வி கேக்கல” என்றார், விரித்த சேலையை நீவியபடி.

எனக்கு வேறு ஆறுதல் தெரியவில்லை. “விடுங்க அண்ணாச்சி, நானும் அதே பட்டம்தான வாங்கியிருக்கேன்” என்று சிரித்தேன்.

அவர் நிமிரவில்லை.

“அதனாலதாம் வே.”